திரும்பி வருவதில் வெட்கமில்லை: ஒரு பனிக்கால விடுமுறையின் கதை

1/
போன வாரம் வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார்.

"டாக்டர், பிப்ரவரி ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட நார்வே போறோம். பையனுக்கு 15, பொண்ணுக்கு 13. பனிச்சறுக்கு, நாய் வண்டி, ஒரு ராத்திரி மலைக் குடிசையில தங்கறதுன்னு எல்லாமே பேக்கேஜ்ல இருக்கு. என்னென்ன மருந்து எடுத்துட்டுப் போகணும்?"

மருந்துப் பட்டியல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்த இழையை எழுத வைத்தது.

2/
"பணம் முழுசா கட்டியாச்சு டாக்டர். அங்க போய் வெதர் சரியில்லைன்னு ரூம்ல உட்கார்ந்திருக்க முடியாது. என்ன ஆனாலும் எல்லாத்தையும் பண்ணிட்டுத்தான் வரணும்."

இந்த "என்ன ஆனாலும்" இருக்கிறதே, அதற்கு நார்டிக் நாடுகளில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பல உயிர்களைக் கொடுத்து அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

3/
முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கும் பிப்ரவரியில், கடும் குளிரில், ஒரு வாரம் லீவு விட்டு "போங்க, போய்ப் பனியில விளையாடுங்க" என்று சொல்லும் வழக்கம் எப்படி வந்தது?

உடற்பயிற்சி மேல் இருந்த ஆர்வம் என்று நினைப்பீர்கள். ஸ்வீடனில் அதற்கான விடை வேறு. எரிபொருள் தட்டுப்பாடு!

4/
1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்குகிறது. ஸ்வீடன் நடுநிலை நாடு. ஆனால் பள்ளிக்கூடங்களைச் சூடாக வைத்திருக்க வெளிநாட்டிலிருந்து வரும் நிலக்கரியும் கோக்கும் வேண்டும். (குடிக்கிற கோக் இல்லைங்க. நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்.) போர் வந்ததும் வரத்து சுருங்கியது.

1940 பிப்ரவரியில் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பள்ளிகளை ஒரு வாரம் மூடினார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் "கோக்ஸ்லூவ்". அதாவது கோக் லீவு.

5/
சரி, லீவு விட்டாச்சு. வீட்டிலும் குளிர், கையில் வேலையும் இல்லை. இத்தனை பிள்ளைகளும் ஒரு வாரம் என்ன செய்வார்கள்? சறுக்கு, ஸ்கேட்டிங், வெளிப்புற விளையாட்டு என்று ஏற்பாடுகள் செய்தார்கள். பள்ளியை மூடினால் குளிர்காலத் தொற்று நோய்கள் பரவுவது குறையும் என்ற வாதமும் சேர்ந்துகொண்டது.

போர் முடிந்தது. எரிபொருள் திரும்ப வந்தது. லீவு மட்டும் போகவே இல்லை! "ஸ்போர்ட்லூவ்", அதாவது விளையாட்டு விடுமுறை என்ற பெயரில் நிலைத்துவிட்டது. குடும்பமாக மலைக்குப் போகும் வாரமாக மாறியது.

6/
இன்று ஊருக்கு ஒரு வாரம் என்று பிரித்து விடுகிறார்கள். கோத்தன்பர்க் பகுதிக்கு ஆண்டின் 7வது வாரம், ஸ்டாக்ஹோமுக்கு 9வது வாரம். பக்கத்து ஃபின்லாந்தில் இந்த லீவின் பெயரே "சறுக்கு விடுமுறை"தான்.

ஒரு டாக்டராக என்னால் மறக்க முடியாத ஒரு விஷயம். 2020 பிப்ரவரி கடைசி வாரம் ஸ்டாக்ஹோம் குடும்பங்கள் பல, ஆல்ப்ஸ் மலைக்குப் போய்த் திரும்பின. கூடவே கொரோனாவும் வந்தது. தொற்று குறையும் என்றும் சொல்லி வளர்த்த லீவு, எண்பது வருடம் கழித்துத் தொற்றைச் சுமந்து வந்தது. வரலாறு சில சமயம் இப்படித்தான்.

7/
நார்வேயின் கதை இன்னும் பழையது. அங்கே சறுக்கு என்பது முதலில் விளையாட்டே அல்ல. பனிக்காலத்தில் பக்கத்து ஊருக்குப் போகும் வழி.

அதை உலகப் புகழ் பெற வைத்தவர் ஃப்ரித்யோஃப் நான்சென். 1888ல் ஆறு பேர் கொண்ட குழுவாகக் கிரீன்லாந்தின் பனித் தளத்தைச் சறுக்குக் கட்டைகளில் கடந்தார். அந்த ஆறு பேரில் இரண்டு பேர், பனியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சாமி பழங்குடிகள்.

8/
அதற்கு 20 வருடம் முன்பே, 1868ல், நார்வே மலை நடைச் சங்கம் உருவாகிவிட்டது. மலைகளில் தங்கும் குடிசைகள் கட்டுவது, வழி காட்டும் குறிகள் வைப்பது அவர்கள் வேலை. இன்று அவர்களிடம் 500க்கும் மேற்பட்ட குடிசைகள் இருக்கின்றன. நம்ம நண்பரின் பேக்கேஜில் இருக்கும் அந்த "மலைக் குடிசை ராத்திரி" இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

1909ல் ஆஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் ரயில் பாதை மலை உச்சி வழியாகத் திறந்தது. 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்றொரு ஸ்டேஷன். நகரத்து மனிதர் காலையில் ரயில் ஏறி, அன்றைக்கே மரமே இல்லாத பனிப் பீடபூமியில் இறங்கலாம் என்றானது.

9/
கவனியுங்கள், பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மலைக்குப் போவது எளிதாகிவிட்டது. மலை எளிதாகவில்லை.

பனியோடு பிறந்து வளர்ந்தவருக்கு வானத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ரயிலில் வந்து இறங்கியவருக்குத் தெரியாது. அந்த நாடுகளில் ஒரு சொலவடை உண்டு: மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடைதான் உண்டு என்று. கேட்க நன்றாக இருக்கும். நம்மவர்களும் ரீல்ஸில் பகிர்கிறார்கள். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை 1967 கற்றுக்கொடுத்தது.

10/
நார்வேயில் குளிர்காலத்தின் பெரிய குடும்ப விடுமுறை ஈஸ்டர். பகல் நீளம், வெயில் பளிச்சென்று இருக்கும், சுருங்காத பனி. பையில் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக மலைக்குப் போவார்கள்.

ஆபத்தும் அதே வெயிலில்தான். கீழே வசந்தம் மாதிரி இருக்கும். மேலே இன்னும் முழுக் குளிர்காலம். மரமும் இல்லை, மறைவும் இல்லை. காற்று எழும்பினால் பூமியும் வானமும் ஒரே வெள்ளை. ஐந்தடி முன்னால் போகிறவர் தெரிய மாட்டார்.

11/
காற்று ஏன் இவ்வளவு முக்கியம்? நம் உடலைச் சுற்றி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் போர்வை ஒன்று இருக்கிறது. வீசுகிற காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

மைனஸ் 10 டிகிரி குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 22 மாதிரி. தெர்மாமீட்டர் மைனஸ் 10 என்றேதான் காட்டும். உங்கள் பையனின் மூக்கு நுனிக்கு அது தெரியாது.

12/
1967 ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஒரே விடுமுறையில்.

அவர்கள் எவரெஸ்ட் ஏறப் போனவர்கள் இல்லை. விடுமுறைக்குப் போனவர்கள். மக்கள்தொகை அப்போது நாற்பது லட்சத்துக்கும் கீழே இருந்த சின்ன நாடு. மொத்த தேசமும் ஆடிப்போனது.

13/
இப்போது யோசித்துப் பாருங்கள். நம்மூரில் என்றால் என்ன செய்திருப்போம்? "மலைக்குப் போகத் தடை" என்று ஒரு போர்டு வைத்திருப்போம். ரெண்டு மாதம் போலீஸ் நிற்கும். மூணாவது மாதம் போர்டு துருப்பிடித்திருக்கும்.

நார்வே செஞ்சிலுவைச் சங்கமும் மலை நடைச் சங்கமும் வேறு வழியில் போனார்கள். 1950களிலிருந்தே அவர்கள் கையில் மலைப் பாதுகாப்புப் பிரசாரம் ஒன்று இருந்தது. 1967 மரணங்களுக்குப் பிறகு அதன் விதிகளை நாடு முழுக்க, வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். மொத்தம் ஒன்பது விதிகள். அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் "மலைப் புத்தி விதிகள்" என்று வரும்.

14/
சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்:

1. பழக்கமில்லாமல் நீண்ட பயணம் கிளம்பாதே.
2. எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ.
3. வானிலை அறிவிப்பை மதி.
4. சின்னப் பயணத்துக்கும் புயலுக்குத் தயாராகப் போ.
5. அனுபவமுள்ள மலைவாசி சொல்வதைக் கேள்.
6. வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்து.
7. தனியாகப் போகாதே.
8. நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை.
9. தெம்பை மிச்சம் வை. தேவைப்பட்டால் பனியைத் தோண்டி உள்ளே ஒதுங்கு.

15/
எட்டாவதைத் திரும்பப் படியுங்கள்.

மற்றவற்றில் பெரும்பாலானவை பொருள், வழி, வானிலை, தெம்பு பற்றியவை. எட்டாவது மட்டும் நேராக மனதைப் பற்றியது. மக்கள் மலையில் சாவதற்குத் திசைகாட்டி இல்லாதது மட்டும் காரணம் இல்லை, "இவ்வளவு தூரம் வந்துட்டோமே, எப்படித் திரும்புறது" என்ற கூச்சமும் ஒரு காரணம் என்று இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கூச்சத்துக்குத்தான் வைத்தியம் பார்த்தார்கள். "திரும்பிடு" என்பது கட்டளை. "வெட்கமில்லை" என்பது அனுமதி. கட்டளையை விட அனுமதிதான் அதிக உயிரைக் காப்பாற்றும் என்பது என் கிளினிக் அனுபவமும்கூட.

16/
விதியை எழுதினால் போதுமா? யார் படிப்பார்கள்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது.

நார்வேயில் "க்விக் லுன்ஷ்" என்று ஒரு சாக்லேட். 1937லிருந்து விற்பனையில் இருக்கிறது. கிட்கேட் மாதிரி நான்கு விரலாக உடைத்துச் சாப்பிடுவது. மலைக்குப் போகும் ஒவ்வொரு பையிலும் அது இருக்கும். 1960களின் பிற்பகுதியிலிருந்து அந்தச் சாக்லேட் உறையின் உள்பக்கத்தில் இந்த விதிகளை அச்சடிக்க ஆரம்பித்தார்கள்!

17/
என்ன ஒரு யோசனை பாருங்கள். மலையில் களைத்துப்போய் ஒரு பாறை ஓரம் உட்கார்ந்து உறையைப் பிரிக்கிறான் ஒரு 14 வயசுப் பையன். அவன் கண்ணில் படும் முதல் விஷயம் இந்த விதிகள். எந்த நேரத்தில் தேவையோ அந்த நேரத்தில், எந்தக் கையில் தேவையோ அந்தக் கையில்.

நம்ம ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மேலேயே எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று போட்டிருப்பதும் இதே தத்துவம்தான். நல்ல பொது சுகாதாரம் என்பது பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயம்தான்.

18/
சரி, விதி வந்தாச்சு. சாவு நின்றுவிட்டதா? இல்லை. அடுத்த காட்சி, பக்கத்து நாடான ஸ்வீடன்.

1978 பிப்ரவரி 24. யெம்ட்லாண்ட் மாகாணத்தின் அனாரிஸ் மலைப்பகுதி. சறுக்கிச் சென்ற ஒன்பது பேரைப் புயல் பிடித்துக்கொண்டது. பனியில் குழி தோண்டி ஒதுங்கப் பார்த்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். ஸ்வீடனின் மிக மோசமான மலை விபத்து என்று இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

19/
விஷயம் தெரிந்தவர்களே எப்படி மாட்டிக்கொள்கிறார்கள்? இங்கே கொஞ்சம் மருத்துவம் பேச வேண்டும்.

நம் உடலின் உள் வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35க்குக் கீழே போனால் உடல் குளிர்வு நோய் என்கிறோம். 35லிருந்து 32 வரை உடல் வெடவெடவென்று நடுங்கும். நடுக்கம் என்பது தசைகள் வேகமாகச் சுருங்கி உண்டாக்கும் சூடு. அது நல்லது. இன்னும் கீழே போகப் போக நடுக்கம் நின்றுவிடும். பார்க்கிறவர் "அப்பாடா, சரியாயிட்டான்" என்று நினைப்பார். உண்மையில் அப்போதுதான் ஆபத்து அதிகம். 28க்குக் கீழே இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பலாம்.

20/
ஆனால் நடுக்கம் நிற்பதற்கு முன்பே ஒன்று மங்கத் தொடங்கிவிடும். புத்தி!

நடை தடுமாறும். பேச்சு குழறும். கையில் இருப்பது நழுவும். எல்லாவற்றுக்கும் எரிச்சல் வரும். முடிவெடுக்கும் திறன் மங்கும். கடுமையான கட்டத்தில் சிலர் உடம்பு கொதிப்பதாக உணர்ந்து, பனியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவதும் உண்டு.

அதாவது, "திரும்பலாம்" என்று முடிவெடுக்க வேண்டிய உறுப்பே முதலில் பழுதாகிறது. எனவே அந்த முடிவை மலையில் எடுக்க முடியாது. சூடான அறையில், கிளம்புவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். "இத்தனை மணிக்குள் அந்த இடத்தை எட்டவில்லை என்றால் திரும்புகிறோம். இவ்வளவு காற்று வந்தால் திரும்புகிறோம்." அவ்வளவுதான்.

21/
இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள்: "டாக்டர், குளிரில் உறைந்துபோனவர்களை இப்போ பிழைக்க வைக்கிறாங்களே?"

உண்மை. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ வரலாற்றிலேயே நம்ப முடியாத கதைகளில் ஒன்று.

22/
1999 மே 20. வட நார்வேயின் நார்விக் நகரம். அங்கே பணியாற்றிய அன்னா போகன்ஹோல்ம் என்ற 29 வயது ஸ்வீடன் நாட்டு டாக்டர், உடன் பணிபுரியும் இருவரோடு சறுக்கப் போனார். கட்டுப்பாடு இழந்து, உறைந்த ஓடை ஒன்றில் பனிக்கட்டி உடைந்து தலைகீழாக உள்ளே போய்விட்டார்.

நண்பர்கள் அவர் காலில் இருந்த சறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இழுக்க முடியவில்லை. உள்ளே ஒரு காற்றிடைவெளி கிடைத்ததால் சுமார் 40 நிமிடம் நினைவோடு போராடினார். பிறகு அசைவு நின்றது. மீட்புக் குழு பனிக்கட்டியை வெட்டி வெளியே எடுத்தபோது மொத்தம் 80 நிமிடம் ஆகியிருந்தது.

23/
மூச்சு இல்லை. நாடி இல்லை. கண்மணி விரிந்திருந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. அங்கிருந்து ஹெலிகாப்டரில் ட்ரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனை போய்ச் சேரும் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே போனார்கள்.

உள்ளே அளந்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி. இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி உள்ளே அனுப்பினார்கள். இதயம் மீண்டும் துடித்தது.

24/
ஒன்பது மணி நேரம், நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்களும் நர்ஸ்களும் மாறி மாறி வேலை செய்தார்கள். விழித்தபோது கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மெல்ல மெல்லத் தேறினார். சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினார். பின்னாளில் தன் உயிரைக் காப்பாற்றிய அதே ட்ரோம்சோ மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராகப் பணிபுரிந்தார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கு உண்டு: சூடாக்கிப் பார்த்த பிறகும் உயிரில்லை என்றால்தான் அவர் இறந்தவர். அந்த வழக்குக்கு உயிருள்ள சாட்சி அவர்.

25/
எப்படிச் சாத்தியம்? மூளை குளிரக் குளிர அதன் பசி குறைகிறது. ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் ஆக்ஸிஜன் தேவை ஏறத்தாழ 6, 7 சதவீதம் குறையும். அன்னாவுக்கு மூச்சு நிற்பதற்கு முன்பே மூளை நன்றாகக் குளிர்ந்துவிட்டது. அதனால் தாக்குப்பிடித்தது.

இது எல்லோருக்கும் நடக்காது. முதலில் மூச்சடைத்து, பிறகு உடல் குளிர்ந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பனிச்சரிவில் புதைந்தவர்களில் பலருக்கு நடப்பது அதுதான்.

26/
இன்னொரு சம்பவம். இது பிள்ளைகளின் கதை.

2011 பிப்ரவரி 11, டென்மார்க்கின் ப்ரெஸ்டோ கடல் நுழைவு. உறைவிடப் பள்ளி ஒன்றின் 13 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் டிராகன் படகில் துடுப்புப் போடப் போனார்கள். படகு கவிழ்ந்தது. தண்ணீரின் வெப்பம் 2 டிகிரி. நீந்திக் கரையேறியவர்களால்தான் வெளியே தகவல் தெரிந்தது.

தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட ஏழு மாணவர்களின் இதயம் நின்றிருந்தது. அவர்களின் உடல் வெப்பம் 18 டிகிரியை ஒட்டி.

27/
கோபன்ஹேகனில் ஏழு பேரையும் உடலுக்கு வெளியே ரத்தத்தைச் சூடாக்கும் சிகிச்சையில் வைத்தார்கள். எக்மோ என்ற பெயர் நமக்குப் புதிதில்லை. 2016ல் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கும் 2020ல் எஸ்.பி.பி. அவர்களுக்கும் சிகிச்சை நடந்தபோது தினமும் செய்தியில் கேட்டோமே, அந்த வகை இயந்திரம்.

ஏழு பேரும் பிழைத்தார்கள். ஏழுக்கு ஏழு! ஆனால் சிலருக்கு மூளைச் செயல்பாட்டில் குறைபாடுகள் தங்கின. ஆசிரியர்களில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை.

28/
இந்த இரண்டு கதையையும் "டெக்னாலஜி இருக்கு, பயமில்லை" என்று படித்துவிடாதீர்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன்.

அன்னாவைத் திரும்பக் கொண்டுவர ஹெலிகாப்டர், இயந்திரம், நூறு பேர், ஒன்பது மணி நேரம், அதற்கு மேல் நிறைய அதிர்ஷ்டம் தேவைப்பட்டது. எட்டாவது விதிக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம். குழுவில் ஒருத்தர் வாய் திறந்து "போதும், திரும்பலாம்" என்று சொன்னால் போதும்.

29/
அந்த ஒருத்தர் யார் என்பதுதான் டீன்ஏஜ் பிள்ளைகளோடு போகும்போது உண்மையான சிக்கல்.

சின்னக் குழந்தை குளிரினால் அழும். பெரியவர் சொல்லிவிடுவார். நடுவில் இருக்கும் 13, 15 வயதுப் பிள்ளை சொல்லவே சொல்லாது. அண்ணன் முன்னால், அப்பா முன்னால், புதிதாகச் சேர்ந்த மற்ற குடும்பத்துப் பிள்ளைகள் முன்னால் "எனக்கு முடியலை" என்று சொல்வது அந்த வயதில் மரணத்தை விடக் கஷ்டம்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கேட்டதற்குப் பதில் சொல்லாது. நாமும் "இந்த வயசுப் பசங்கன்னாலே இப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். மேலே 20ல் நான் சொன்ன அறிகுறிகளை ஒருமுறை பாருங்கள். எரிச்சல். குழறல். பொருளைத் தவற விடுவது. பனியில் இவை வயதுக் கோளாறு ஆகாது. குளிரின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

30/
2016ல் அந்த ஒன்பது விதிகளையும் திருத்தி எழுதினார்கள். மக்கள் மலையைப் பயன்படுத்தும் விதம் மாறிவிட்டது. பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது புதிதாகச் சேர்ந்தது. தனியாகப் போகாதே என்பது போய்விட்டது. வார்த்தைகள் பல மாறின.

எட்டாம் எண்ணில் இருந்தது மட்டும் எட்டாம் எண்ணிலேயே இருக்கிறது. திரும்புவதற்கு வெட்கப்படாதே.

31/
போகிறவர்களுக்கு, சுருக்கமாக:

• ஜீன்ஸ், பருத்திப் பனியன் வேண்டாம். ஈரமானால் பருத்தி சூட்டைத் தாங்காது. உடம்பை ஒட்டிக் கம்பளி, அதன் மேல் இன்னொரு அடுக்கு, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட்.
• வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். நிற்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.
• பசித்த உடம்பு நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் போகும். அடிக்கடி சாப்பிடக் கொடுங்கள்.
• மது சூடு தராது. தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

32/
• குளிர் தண்ணீரில் விழுந்தால்: முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போராட்டம். பதறாமல் மிதக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னதைக் கேட்கும். வெளியேறும் முயற்சி அதற்குள். நினைவு தப்ப சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். எனவே நம்பிக்கையை விட வேண்டாம்.

• விரல், மூக்கு, காது வெளுத்து மரத்துப்போனால் பனியை வைத்துத் தேய்க்காதீர்கள். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே 1812 ரஷ்யப் படையெடுப்பு அனுபவத்திலிருந்து கொடுத்த ஆலோசனை அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மருத்துவ உலகமே நம்பியது. தவறு. திசு இன்னும் சிதையும். காற்று படாத இடத்துக்குப் போங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் உருக வைக்காமல் மருத்துவ உதவியை நாடுங்கள்.

33/
நண்பரிடம் கடைசியாக என்ன சொன்னேன் என்று சொல்லி முடிக்கிறேன்.

"கிளம்பும் முதல் நாள் ராத்திரி ரெண்டு பிள்ளைங்களையும் உட்கார வச்சு ஒரு ஒப்பந்தம் போடுங்க. யார் வேணும்னாலும், எப்போ வேணும்னாலும் 'திரும்பலாம்'னு சொல்லலாம். காரணம் கேட்க மாட்டோம். கேலி பண்ண மாட்டோம். பணம் போச்சேன்னு அப்புறமும் சொல்லிக் காட்ட மாட்டோம். அந்தக் கடைசி வரிதான் முக்கியம், அதை நீங்க வாயால சொல்லணும்."

34/
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி டாக்டர், முதல்ல நானே அதைக் கத்துக்கணும்" என்றார்.

அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். 18 பேரைப் புதைத்த பிறகு. நமக்கு அது ஒரு சாக்லேட் உறையிலேயே கிடைக்கிறது. படித்துவிட்டுப் போவோம்.

நல்லபடியாகப் போய்விட்டு, அதை விட முக்கியமாக, நல்லபடியாக வாருங்கள்.

(இந்த விடுமுறைக்குப் பனிப் பிரதேசம் போகும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்கள். பெற்றோர்களை விட அவர்கள்தான் முழுதாகப் படிப்பார்கள்.)